ஓஓ அளவில் ஒரு பிரிட்டிஷ் டைப் 4: கடை மாடலை நிஜ லோகோவாக மாற்றும் முழுமையான வழிகாட்டி

கடையில் வாங்கும் டீசல் லோகோ மாடல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், பெட்டியிலிருந்து எடுக்கும்போது அது எந்த வருடத்துக்கும் எந்த ஊருக்கும் சொந்தமில்லாத லோகோவாகத்தான் இருக்கும். பளபளப்பான பச்சை, புத்தம்புது சக்கரம், முகப்பில் குழாய் ஒன்றுகூடக் கிடையாது. நிஜ லோகோ அப்படி இருந்தது தொழிற்சாலை வாசலில் மட்டும்தான். ஒர்க்‌ஷாப்புக்குப் போய் வரும் ஒவ்வொரு முறையும் அதன் முகத்தில் ஏதோ ஒன்று மாறியது. எண் மாறியது, நிறம் மாறியது, பெயர்ப்பலகை வந்தது, பிறகு போனது.

அதனால் இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே விதிதான்: முதலில் ஒரு எண், ஒரு வருடம். பணமும் பெயிண்டும் அதற்குப் பிறகு. எடுத்துக்காட்டாக இங்கிலிஷ் எலக்ட்ரிக் கம்பெனியின் டைப் 4 லோகோவை (‘டைப்’ என்பது சக்தியைக் குறிக்கும் பிரிவு) எடுத்துக்கொள்கிறேன். பின்னாளில் கிளாஸ் 40 என்று அழைக்கப்பட்டது இதுதான். 1958 முதல் 1962 வரை 200 லோகோக்கள் கட்டப்பட்டன. வேறு லோகோ உங்களுக்குப் பிடித்திருந்தாலும் படிகள் இவைதான்.

படி 1: லோகோவைத் தேர்ந்தெடுங்கள்

பிரிட்டனின் மெயின்லைன் டீசல் கதை 1947 டிசம்பரில் டெர்பியில் தொடங்குகிறது. எல்எம்எஸ் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் ஐவட், இங்கிலிஷ் எலக்ட்ரிக்கின் 1,600 குதிரைத்திறன் இன்ஜினை வைத்துக் கட்டிய 10000 என்ற லோகோ அப்போதுதான் வெளியே வந்தது. 1948 ஜனவரி 1 அன்று ரயில்வே நாட்டுடைமை ஆனது. கம்பெனியின் எழுத்துகளைச் சுமந்தபடி ஒரு டீசல் லோகோவாவது ஓடிவிட வேண்டும் என்ற அவசரம் அதில் தெரிகிறது. ஜோடியான 10001 அடுத்த ஆண்டு ஜூலையில்தான் தயாரானது. தெற்குப் பகுதிக்கு பொறியாளர் புல்லெய்டின் 10201, 10202, 10203 வந்தன. கடைசியான 10203 வந்தது 1954இல், 2,000 குதிரைத்திறனோடு. இந்த ஐந்தில் ஒன்றைக்கூட மியூசியத்தில் பார்க்க முடியாது. எல்லாமே உடைக்கப்பட்டுவிட்டன. இவற்றை முப்பரிமாணத்தில் பார்க்க மாடல்தான் வழி. ஓஓ அளவில் எல்எம்எஸ் ஜோடியை பாக்மன் நிறுவனமும், புல்லெய்ட் மூன்றையும் கெர்னோ மாடல் ரயில் சென்டரும் கொண்டுவந்தன.

1955இல் பிரிட்டிஷ் ரயில்வேயின் நவீனமயமாக்கல் திட்டம் வந்தது. சோதனைக்காக முதலில் 174 லோகோக்களுக்குப் பல கம்பெனிகளிடம் ஆர்டர் கொடுத்தார்கள். அதில் சில நன்றாக உழைத்தன, சில மானத்தை வாங்கின. மெட்ரோவிக் கட்டிய கோ-போ வகையில் ஒரு போகியில் (சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) மூன்று அச்சு, மறு போகியில் இரண்டு. கிராஸ்லி இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின் ஓயாமல் தொல்லை கொடுத்தது, முன்கண்ணாடிகள் ஓடும்போதே கழன்று விழுந்தன. மொத்தமே 20 லோகோக்கள். ‘பேபி டெல்டிக்’ என்ற வகை இன்னும் குறைவு, பத்துதான். விசித்திரம் என்னவென்றால், ரயில்வேயில் தோற்றவைதான் மாடல் உலகில் செல்லப்பிள்ளைகள். ஹார்ன்பி டப்லோ 1961லேயே கோ-போவை மாடலாக்கிவிட்டது. எண்ணிக்கை குறைவாக இருப்பதால் வேறுபாடுகளும் குறைவு, ஆய்வு வேலையும் குறைவு. பொறுமை கொஞ்சம் கம்மி என்பவர்கள் அந்தப் பக்கம் போகலாம்.

நான் டைப் 4ஐப் பரிந்துரைப்பதற்குக் காரணம் வேறு. 10203இன் இன்ஜினும் மின்கருவிகளும் பெரும்பாலும் அப்படியே இதற்குள் வந்தன. 1கோ-கோ1 என்ற சக்கர அமைப்பும் (ஒவ்வொரு போகியிலும் மோட்டார் உள்ள மூன்று அச்சு, ஓரத்தில் மோட்டார் இல்லாத ஒன்று) புல்லெய்ட் லோகோக்களின் வாரிசுதான். ஆரம்பகால டீசலின் முழு வம்சமும் ஒரே உடலுக்குள் இருக்கிறது. மாடல்களும் செகண்ட்ஹேண்டில் தாராளமாகக் கிடைக்கின்றன.

இலங்கை வாசகர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். 1950களின் தொடக்கத்தில் பிரஷ் பேக்னல் கட்டி சிலோன் ரயில்வேக்கு அனுப்பிய எம்1 லோகோக்களும், பிரிட்டனில் 1957இல் வந்த பிரஷ் டைப் 2உம் ஒரே குடும்பம். இரண்டிலும் மிர்லீஸ் இன்ஜின், இரண்டிலும் ஏ1ஏ-ஏ1ஏ சக்கர அமைப்பு (ஒவ்வொரு போகியிலும் மூன்று அச்சு, நடு அச்சுக்கு மட்டும் மோட்டார் இல்லை). கிளாஸ் 31 என்ற பெயரில் அந்தப் பிரஷ் லோகோவுக்கு நல்ல ஓஓ மாடல்கள் இருக்கின்றன.

படி 2: அளவைப் புரிந்துகொள்ளுங்கள்

பிரிட்டனில் பெரும்பாலானோர் பயன்படுத்துவது ஓஓ. ஒரு அடிக்கு 4 மில்லிமீட்டர், அதாவது 1:76. ஆனால் தண்டவாள அகலம் 16.5 மி.மீ. அது 1:87 அளவான ஹெச்ஓவுக்குரிய அகலம். பிரிட்டிஷ் வண்டிகள் ஐரோப்பிய வண்டிகளைவிட ஒல்லியானவை. அந்தக் கால மோட்டார்கள் 1:87 உடலுக்குள் நுழையவில்லை. அதனால் உடலைப் பெரிதாக்கி, தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். விளைவு, 4 அடி 8½ அங்குலம் இருக்க வேண்டிய பாதை கணக்கில் சுமார் 4 அடி 1½ அங்குலமாகச் சுருங்கிவிட்டது. நேர் முன்னாலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உடலுக்கடியில் ஒடுங்கி நிற்பது தெரியும். இதைப் பொறுக்க முடியாதவர்களுக்கு 18.2 மி.மீ. இஎம், 18.83 மி.மீ. பி4 என்று தனி வழிகள் உண்டு. முதல் லோகோவுக்கு அது வேண்டாம். சக்கரம், பாயிண்ட் (தடம் பிரியும் தண்டவாளம்) எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும்.

நிஜ டைப் 4இன் நீளம் 69 அடி 6 அங்குலம். நாலால் பெருக்கினால் 278 மி.மீ. மாடல் வாங்கும்போது ஸ்கேல் ஒன்றை வைத்து அளந்து பாருங்கள். 1970களில் ஜூஃப் விட்ட கிளாஸ் 40இல் அளவே சரியாக இருக்காது. விலை மலிவாகத் தெரிந்தாலும் தவிர்த்துவிடுங்கள்.

இடம் இல்லாதவர்கள் 1:148 அளவான பிரிட்டிஷ் என் கேஜுக்குப் போகலாம். ஆனால் இங்கே சொல்லப்போகும் பெயிண்ட் வேலையெல்லாம் அந்த அளவில் கண்ணைக் கெடுக்கும்.

படி 3: போட்டோவைப் படியுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். நீங்கள் செய்யப்போகும் எண்ணுக்கு, நீங்கள் நினைக்கும் வருடத்தில் எடுத்த ஒரு போட்டோவாவது கையில் இருக்க வேண்டும். முடிந்தால் இரண்டு பக்கமும். வண்ணப் படம் கிடைக்காவிட்டால் கறுப்பு வெள்ளையே போதும்.

முகப்பிலிருந்து தொடங்குங்கள். டி200 முதல் டி324 வரை முகப்பில் ரயிலின் வகையைக் காட்டும் வட்டத் தகடுகள் இருந்தன, மேலே ஒன்று, கீழே மூன்று. டி325 முதல் டி344 வரை முகப்பின் இரு பக்கமும் பிரிந்த, ரயிலின் குறியெண்ணைக் காட்டும் எண்பெட்டிகள். டி345 முதல் கடைசி வரை நடுவில் ஒரே பெட்டி, நான்கு எழுத்துகள். முதல் இரண்டு வகைகளிலும் மூக்கின் நடுவே ஒரு கதவு உண்டு. இரண்டு லோகோக்கள் சேர்ந்து ஓடும்போது ஊழியர்கள் கடந்துபோவதற்காக வைத்தது. நடுப்பெட்டி வகையில் அது இல்லை. 1963 ஆகஸ்ட் 8 அன்று கொள்ளையடிக்கப்பட்ட அஞ்சல் ரயிலை இழுத்தது டி326, பிரிந்த பெட்டி வகை. அந்த லோகோவைச் செய்ய ஆசைப்பட்டு வட்டத் தகடு மாடலை வாங்கிவிட்டால் முகத்தையே அறுத்து ஒட்ட வேண்டியிருக்கும். விதிவிலக்கும் உண்டு: டி260 முதல் டி266 வரையான சிலவற்றில் தகடுகளை எடுத்துவிட்டுப் பிறகு நடுப்பெட்டி வைத்தார்கள். போட்டோ இல்லாமல் எண்ணை மட்டும் நம்பக் கூடாது என்பது இதற்காகத்தான்.

அடுத்து நிறம். உடல் பச்சை, கூரை சாம்பல் என்றுதான் எல்லாம் பிறந்தன. 1960களின் தொடக்கத்தில், பாதையில் வேலை செய்பவர்களின் கண்ணில் படுவதற்காக முகப்பின் கீழ்ப்பாதியில் மஞ்சள் பட்டை வந்தது. 1967 வாக்கில் முகப்பு முழுவதும் மஞ்சள். நீலம் 1960களின் நடுவில் அறிமுகமானாலும் எல்லா லோகோவும் நீலமாக வருடங்கள் ஆயின. முழு மஞ்சள் முகத்தோடு, வெளுத்துப்போன பச்சை உடலோடு ஓடியவை நிறைய. எனக்குப் பிடித்தது அந்த இடைக்காலத் தோற்றம். ஆனால் முதல் முயற்சிக்குப் பாதிப் பட்டைதான் எளிது.

பெயர்ப்பலகை இன்னொரு தடயம். டி210 முதல் டி235 வரையான லோகோக்களுக்கு லிவர்பூலோடு தொடர்புள்ள கப்பல்களின் பெயர்களை வைத்தார்கள்: மாரிடேனியா, அக்விடேனியா, லுசிடேனியா, எம்பிரஸ் ஆஃப் கனடா. டி226க்கு மட்டும் ஒதுக்கிய பெயர் பொருத்தப்படவேயில்லை. பெயர் சூட்டல் நடந்தது 1960 முதல் 1962 வரை. ஆக, பெயர் இருந்து மஞ்சள் இல்லாவிட்டால் 1960களின் முதல் சில வருடங்கள். இந்த எண்களில் பெயர் இல்லை, மஞ்சளும் இல்லை என்றால் பெரும்பாலும் அதற்கு முன். மின்கம்பி எச்சரிக்கைக்கான சிறிய மின்னல் ஒட்டிகள் இருந்தால் 1960க்கு முன்னால் போக யோசியுங்கள்.

எண்ணுக்கு முன்னால் ‘டி’ இருந்தது நீராவி லோகோக்களின் எண்களோடு குழம்பாமல் இருக்க. 1968 ஆகஸ்டில் நீராவி முடிந்ததும் அந்த எழுத்துக்கு வேலை இல்லாமல் போனது. 1973-74இல் எல்லாம் 40இல் தொடங்கும் ஐந்திலக்க எண்களாக மாறின. டி213 என்பது 40013 ஆனது, கணக்கு நேராகத்தான் இருக்கும். ஒரே ஒரு பொறி: டி200. அது 40000 ஆகவில்லை. விபத்தில் சிக்கி 1967இல் சேவையிலிருந்து விலக்கப்பட்ட டி322இன் காலி இடத்தை எடுத்துக்கொண்டு 40122 ஆனது. நீல நிற டி200 செய்பவர்கள் இதில் வழுக்கி விழுவதுண்டு.

இந்த வழிகாட்டிக்கு டி213 ஆண்டானியாவை வைத்துக்கொள்வோம். பச்சை, பாதி மஞ்சள், பெயரோடு. இன்றும் பாதுகாக்கப்பட்டிருக்கும் ஏழு டைப் 4களில் இதுவும் ஒன்று. ஆனால் இன்றைய போட்டோவை 1960களுக்கு ஆதாரமாக எடுக்காதீர்கள். பாதுகாப்பில் இருக்கும் லோகோவில் பின்னாளைய மாற்றங்கள் எவ்வளவோ ஒட்டிக்கொண்டிருக்கும்.

படி 4: மாடலை வாங்குங்கள்

இரண்டு வழி. லிமா 1980களில் விட்ட மாடல் மலிவு. அதன் வார்ப்பு அச்சுகள் பின்னர் ஹார்ன்பியிடம் போயின. உடல் மோசமில்லை. ஆனால் பழைய லிமாவில் ஒரு போகிக்குள் திணித்த தட்டை மோட்டார் இருக்கும், மெதுவாக ஓட்டினால் திணறும், சத்தமும் அதிகம். பாக்மன் மாடலில் மோட்டார் நடுவில், இரண்டு ஃப்ளைவீல், இரண்டு போகிகளுக்கும் சக்தி. விலை பல மடங்கு. பெயிண்ட் பழக லிமா, வைத்து ஓட்ட பாக்மன் என்பது என் கணக்கு. இரண்டையும் வாங்கினாலும் தப்பில்லை. மலிவான உடலில் கையைப் பழக்கிவிட்டு நல்லதைத் தொடலாம்.

எந்த எண்ணில் கிடைத்தாலும் வாங்கலாம், முகப்பு வகை மட்டும் சரியாக இருந்தால் போதும். மஞ்சள் இல்லாத மாடலில் மஞ்சள் அடிப்பது எளிது. இருக்கும் மஞ்சளை எடுப்பதுதான் கஷ்டம்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் எனாமல் பெயிண்டையும் ஸ்ப்ரே டப்பாவையும் சேர்த்துக் கேட்காதீர்கள். எளிதில் தீப்பிடிக்கும் பொருள் என்பதால் விமான அஞ்சலில் சிக்கல் வரும். தண்ணீரில் கரையும் அக்ரிலிக்கை உள்ளூரில் தேடுங்கள். பிரிட்டிஷ் கண்ட்ரோலருக்கான மின்னழுத்தம் நம்முடையதுதான், பிளக் மட்டும் வேறாக இருக்கலாம்.

படி 5: தொடுவதற்கு முன் ஓட்டிப் பாருங்கள்

பெயிண்ட் அடித்த பிறகு மோட்டார் பழுது என்று தெரிந்தால் திருப்பி அனுப்ப முடியாது. வட்டப் பாதையில் பெட்டி எதுவும் மாட்டாமல், நடு வேகத்தில், ஒவ்வொரு திசையிலும் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். 1கோ-கோ1 என்பதால் ஒரு பக்கத்தில் எட்டு சக்கரங்கள், போகிகள் நீளம். ஓரத்துச் சிறு சக்கரங்கள்தான் முதலில் தடம் புரளும். கடையில் ரெடிமேடாக விற்கும் தண்டவாளத்தில் 371 மி.மீ. ஆரமுள்ள முதல் வளைவைக் கனவிலும் நினைக்காதீர்கள். 438 மி.மீ. உள்ள இரண்டாம் வளைவுதான் குறைந்தபட்சம். அதிலும் மூக்கு வெளியே நீட்டிக்கொண்டு அசிங்கமாகத்தான் இருக்கும்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுந்தால் பாதையைச் சரிபாருங்கள். வெவ்வேறு இடங்களில் விழுந்தால் சக்கரங்களைப் பாருங்கள். ஒரு அச்சின் இரண்டு சக்கரங்களின் உட்புற இடைவெளி ஓஓவில் சுமார் 14.4 மி.மீ. இருக்க வேண்டும். இதற்கென்றே விற்கும் சிறிய அளவுக்கட்டை ஒன்று வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: திறப்பதும் டிகோடரும்

உடலைக் கழற்றும் முன் பென்சிலால் சேசியில் ஒரு அம்புக்குறி போடுங்கள். லோகோவின் இரு முனைகளும் ஒன்றல்ல. கூரையில் ரேடியேட்டர் விசிறி ஒரு முனையில்தான் இருக்கும். திருப்பி மாட்டினால் கிளிப் உடையும். உடல் திறக்கும் முறை தயாரிப்பைப் பொறுத்தது. கூடவரும் தாளைப் பாருங்கள், பலத்தைக் காட்டாதீர்கள்.

சாதாரண 12 வோல்ட் டிசி கண்ட்ரோலரில் ஓட்டுபவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். டிசிசிக்கு, அதாவது ஒவ்வொரு லோகோவையும் அதன் முகவரியால் தனித்தனியே இயக்கும் டிஜிட்டல் முறைக்குப் போவதானால், உள்ளே எந்த சாக்கெட் என்று பார்த்துவிட்டு டிகோடர் (கட்டளையைப் படிக்கும் சிறு சர்க்யூட்) வாங்குங்கள். பழைய தயாரிப்புகளில் 8 பின், புதியவற்றில் 21 பின். சில பழைய மாடல்களில் சாக்கெட்டே இருக்காது, கம்பிகளை வெட்டி சால்டர் செய்ய வேண்டும். புது டிகோடரின் முகவரி வழக்கமாக 3. அதில் ஓடுகிறதா என்று சோதித்துவிட்டு உங்கள் எண்ணுக்கு மாற்றுங்கள்.

ஒலி டிகோடர் வேண்டுமா? விலையைப் பார்த்தால் வேண்டாம் என்றுதான் தோன்றும். ஆனால் டைப் 4இன் செல்லப்பெயரே ‘விசிலர்’. டர்போசார்ஜரின் அந்தக் கீச்சு ஒலி இல்லாமல் இது பாதி லோகோதான். ஒரே ஒரு லோகோவுக்கு ஒலி வைக்கப் பணம் இருந்தால் அதை இதற்குச் செலவிடுங்கள்.

படி 7: பழைய எண்ணை எடுத்துப் புதிய எண்ணை வையுங்கள்

காது குடையும் பஞ்சுக்குச்சியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தொட்டு, எண்ணின் மேல் லேசாக வட்டமாகத் தேயுங்கள். முதலில் ஓரமாக, கண்ணில் படாத இடத்தில் சோதித்துப் பாருங்கள். எண் கரைந்து அடியில் உள்ள பச்சை கரையாமல் இருக்க வேண்டும். அவசரம் கூடாது. எண் மென்மையானதும் பல்குத்தும் மரக்குச்சியின் முனையால் சுரண்டி எடுக்கலாம். அந்த இடம் மினுமினுப்பாக மாறும், கவலை வேண்டாம், வார்னிஷ் அதை மறைத்துவிடும்.

புதிய எண்ணுக்குத் தண்ணீரில் ஊறவைத்து நகர்த்தும் டிரான்ஸ்ஃபர்கள். ஃபாக்ஸ், ரெயில்டெக் போன்றவை பிரிட்டிஷ் ரயில்வேயின் எழுத்துருவிலேயே தருகின்றன. ஒட்டும் இடத்தில் முதலில் பளபளப்பு வார்னிஷ் அடியுங்கள். மங்கலான பரப்பின் மேல் ஒட்டினால் படலத்துக்கு அடியில் காற்று சிக்கி வெள்ளையாகத் தெரியும். எண்கள் ஒரே கோட்டில் நிற்க, கீழே ஒரு மாஸ்கிங் டேப்பை நேராக ஒட்டி அதன் விளிம்பில் வரிசையாக வையுங்கள். நிஜத்தில் எண் எந்த உயரத்தில், கேப் (ஓட்டுநர் அறை) கதவுக்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்பதைப் போட்டோவில் பார்த்தே வையுங்கள். ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலும் கண் கண்டுபிடித்துவிடும். காய்ந்ததும் மென்மையாக்கும் திரவம் ஒரு சொட்டு, ஒரு நாள் விட்டு சாட்டின் வார்னிஷ்.

சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்க்காரர்கள் மழை நாளில் ஸ்ப்ரே வார்னிஷைத் தொடாதீர்கள். காற்றில் ஈரம் மிஞ்சினால் வார்னிஷ் பால் நிறத்தில் பூத்துவிடும். காலை பத்து மணிக்கு மேல், வெயில் நன்றாக ஏறிய பிறகு அடிப்பது நல்லது.

பெயர்ப்பலகைக்கு அமிலத்தால் அரித்துச் செய்த உலோகத் தகடு விற்கிறார்கள். சட்டத்திலிருந்து வெட்டியெடுத்து ஓரங்களை ராவி, வார்னிஷை பசை போல ஒரு துளி வைத்து உடலின் நடுவில் ஒட்டுங்கள். சூப்பர் க்ளூ வேண்டாம். தகடு கோணலாக உட்கார்ந்துவிட்டால் வார்னிஷ் நகர்த்த விடும், அது விடாது.

படி 8: மஞ்சள் பட்டை

மஞ்சள் பச்சையின் மேல் நேரடியாக ஏறாது. எத்தனை பூச்சு அடித்தாலும் அழுக்குப் பச்சையாகத்தான் தெரியும். மெல்லிய வெள்ளை ஒன்று அடியில் போடுங்கள். டைப் 4இன் மூக்கு வளைந்தது, அதில் கதவு விளிம்பும் தகடுகளும் வேறு. அகலமான டேப் மடங்கும். இரண்டு மி.மீ. அகல டேப்பால் எல்லையை வகுத்து, மீதியை அகல டேப்பால் மூடுங்கள். எல்லையின் ஓரத்தில் முதலில் அடியில் உள்ள பச்சையையே ஒரு முறை பூசிவிட்டால் டேப்புக்கு அடியில் கசியும் இடங்கள் அடைபடும். பிறகு மஞ்சள் கசிய வழியில்லை. மஞ்சள் முழுதாகக் காயும் முன்பே டேப்பை உரித்துவிடுங்கள்.

படி 9: முகப்பு விவரங்கள்

வட்டத் தகடுகள் அலங்காரத்துக்கு அல்ல. நீராவிக் காலத்து விளக்குக் குறிகளை அப்படியே டீசலுக்குக் கொண்டுவந்தார்கள். கீழே இரண்டு ஓரங்களிலும் தகடு விரிந்திருந்தால் எக்ஸ்பிரஸ் ரயில். மேலே உள்ள ஒன்று மட்டும் விரிந்திருந்தால் சாதாரணப் பயணிகள் ரயில். கீழே நடுவில் மட்டும் என்றால் பெட்டி இல்லாமல் தனியாகப் போகும் லோகோ. மற்றத் தகடுகள் பாதியாக மடிந்திருக்கும். பெட்டியில் வரும் மாடலில் பொதுவாக ஏதோ ஒரு குறி இருக்கும். உங்கள் ரயிலுக்கு எது பொருந்துமோ அப்படி மாற்றுங்கள். எக்ஸ்பிரஸ் குறியோடு நிலக்கரி வண்டிகளை இழுப்பது, தெரிந்தவர் கண்ணில் முதலில் குத்தும் தவறு.

பஃபர் பலகையில் வேக்குவம் குழாய், நீராவி வெப்பக் குழாய், ஸ்க்ரூ கப்ளிங். அக்காலப் பயணிகள் பெட்டிகளுக்கு லோகோவிலிருந்தே நீராவி போனது, அதற்கென்று உள்ளே ஒரு பாய்லர் இருந்தது. எல்லாத் துண்டுகளும் மாடலோடு ஒரு சிறு பையில் வரும். ஒரு முனையில் மட்டும் முழுதாக மாட்டுங்கள். பெட்டி இணைக்கும் முனையில் கப்ளிங் ஆட இடம் வேண்டும், குழாய் இடித்தால் வளைவில் தடம் புரளும். வீட்டில் வட்டமாகத்தானே ஓட்டப்போகிறோம், பின்பக்கம் தெரியவே போவதில்லை.

கேபுக்குள் ஓட்டுநர் பொம்மை வைப்பதானால் முன் கேபில் மட்டும். இரண்டு பக்கமும் ஆள் உட்கார்ந்திருக்கும் லோகோக்களை நிறைய மாடல் தளங்களில் பார்க்கிறோம், சிரிப்பு வரும். கண்ணாடி கழன்றால் வெள்ளைப் பசையால் ஒட்டுங்கள். சூப்பர் க்ளூவின் ஆவி கண்ணாடியை மூடுபனியாக்கிவிடும்.

படி 10: அழுக்காக்குங்கள்

புது பெயிண்ட்டின் மேல் அழுக்கடிக்க மனசு வராது. ஆனால் இது இல்லாமல் மற்ற எல்லா வேலையும் பொம்மையாகவே நிற்கும். எங்கே என்ன அழுக்கு என்று தெரிந்து அடிப்பதுதான் சூட்சுமம். போகிகளில் பிரேக் கட்டைகள் தேய்ந்த இரும்புத் தூள் படியும், அது சாம்பல் கலந்த பழுப்பு. கூரையில் புகைபோக்கியைச் சுற்றிக் கரி, அது விசிறிப் பக்கம் வரை மெல்ல மங்கும். உடலின் பக்கங்களை வாஷிங் இயந்திரம் கழுவும், ஆனால் கதவு இடுக்கிலும் கிரில் பள்ளத்திலும் அதன் பிரஷ் போகாது. அங்கே அழுக்கு தங்கும்.

அடர் பழுப்பும் கறுப்பும் கலந்த எனாமலை மிக நீர்த்துப் பக்கங்களில் பூசி, சில நிமிடங்களில் ஒயிட் ஸ்பிரிட் தொட்ட தட்டைத் தூரிகையால் மேலிருந்து கீழாக இழுத்துத் துடைத்துவிடுங்கள். மழை நீர் வழிந்த தடம்போல் நிற்கும். பக்கவாட்டில் இழுத்துவிட்டால் கெட்டது. அடியில் இருப்பது அக்ரிலிக் வார்னிஷ் என்றால்தான் இது பாதுகாப்பு. எனாமல் வார்னிஷின் மேல் எனாமல் வாஷ் அடித்தால் எண்ணும் சேர்ந்து வந்துவிடும். போகிகளுக்கு வண்ணத் தூள் போதும், உலர்ந்த தூரிகையால் தடவினால் நின்றுவிடும். சக்கரத்தின் ஓடு பரப்பில் மட்டும் எதுவும் படக் கூடாது, அங்கேதான் மின்சாரம் ஏறுகிறது.

எவ்வளவு அழுக்கு என்பதையும் வருடம்தான் சொல்லும். 1958 ஏப்ரல் 18 அன்று லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து நார்விச்சுக்கு முதல் பயணம் போன டி200ஐச் செய்கிறீர்கள் என்றால் பிரேக் தூள்கூட வேண்டாம். 1960களின் நடுவில் ஓடிய ஆண்டானியாவுக்கு மிதமான அழுக்கு.

படி 11: ரயிலைக் கட்டி ஓட்டுங்கள்

நிஜ லோகோவின் எடை 133 டன். அது துள்ளிக் கிளம்பாது, துள்ளி நிற்கவும் நிற்காது. டிசிசியில் இதற்கு ‘சிவி’ எனப்படும் டிகோடர் அமைப்புகள் உண்டு: சிவி 3 வேகம் ஏறும் நேரம், சிவி 4 குறையும் நேரம். சிறிய எண்ணில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். சிவி 4ஐ அதிகம் ஏற்றினால் பிளாட்ஃபாரம் தாண்டிப் போய் நிற்கும். உச்ச வேகத்தை சிவி 5இல் குறைத்துவையுங்கள். டிசி கண்ட்ரோலரில் இதெல்லாம் உங்கள் விரலின் பொறுப்பு.

யூஸ்டன்–லிவர்பூல் எக்ஸ்பிரஸுக்கு மெரூன் நிற மார்க் 1 (பிரிட்டிஷ் ரயில்வேயின் அக்காலப் பொது வகை) பெட்டிகள் பொருந்தும். ஒரு பெட்டி சுமார் 26 செ.மீ., பன்னிரண்டு பெட்டி என்றால் மூன்று மீட்டரைத் தாண்டும். வீட்டுப் பாதையில் ஐந்தோ ஆறோ போதும். அதுவும் இடிக்கிறது என்றால் பார்சல் ரயில் ஓட்டுங்கள். புது மின்சார லோகோக்கள் வந்த பிறகு டைப் 4கள் கௌரவமான எக்ஸ்பிரஸ்களை இழந்து பார்சலுக்கும் சரக்குக்கும் இறங்கின. நான்கு வேன்களை இழுக்கும் பெரிய லோகோ அந்தக் காலத்துக்குத் தவறான காட்சியே இல்லை. தகடுகளை மட்டும் அதற்கேற்ப மாற்ற மறக்காதீர்கள்.

ஓட்டி முடித்ததும் சக்கரங்களை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து வையுங்கள். கியர்களுக்கு வருடத்துக்கு ஒரு முறை, ஊசி முனையில் ஒரு துளி பிளாஸ்டிக்குக்கு ஏற்ற எண்ணெய் போதும். பெட்டிக்குள் வைக்கும்போது உடலை மெல்லிய டிஷ்யூ தாளில் சுற்றுங்கள். வெறும் ஸ்பாஞ்சில் வைத்தால் தூளும் பெயர்ப்பலகையும் அதில் ஒட்டிக்கொண்டு வரும்.